இரண்டு இறாக்கைகளுக்கு நடுவே



"நாவல்களும் சிறுகதைகளும் நிறைய வாசித்துவிட்டேன். இனி எதை வாசிப்பது?" என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. வேறு சிலரோ, "நாங்கள் கதைப் புத்தகங்களைத் தொடுவதில்லை. வரலாறு, பிரயாணம், வாழ்க்கை வரலாறு ஆகியவற்றையே படிக்கிறோம். கதை வாசிப்பதில் என்ன பயன்?" என்கிறார்கள். இரு சாராருக்கும் ஒரே விடையைத்தான் நான் சொல்லி வருகிறேன். அந்த விடையை நான் எப்படிக் கண்டுகொண்டேன் என்பதை இன்று கூறலாமென நினைக்கிறேன். அதில் எனக்குப் பெருமை தராத ஒரு சம்பவமும் உண்டு.

எழுபதுகளின் நடுப்பகுதியில் நான் கொழும்பில் ஒரு தனியார் கம்பனியில் எழுதுவினைஞனாக இருந்தேன். வெள்ளவத்தையில் ஓர் அறை. கையில் எப்போதும் ஒரு நாவல். நாவலைத் தவிர வேறொன்றையும் இலக்கியமாக நான் மதித்ததில்லை. வரலாறு என்பது பரீட்சையோடு முடிந்துபோன பாடம் என்பது என் எண்ணம்.

அக்காலத்தில் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' என்ற நாவலை வாசித்தேன். 1964ஆம் ஆண்டு வெளிவந்த நூல் அது. தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்களின் வாழ்வை ஒரு பெண்ணின் வாழ்க்கையூடாகச் சொல்வது. யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே வளர்ந்த எனக்கு மலையகம் தூரத்துப் பச்சையேதான். நாவல் என்னைக் கலங்க வைத்தது. அந்தக் கலக்கத்தோடே, எங்கள் கம்பனியின் களஞ்சியத்தில் வேலை பார்த்த மலையக நண்பர் ஒருவரிடம், "இவ்வளவு கஷ்டத்தையும் ஏன் அனுபவிக்கவேணும்? பேசாமல் உங்கடை ஊருக்கே போய்விடலாமே, தம்பி" என்றேன். அனுதாபத்தோடுதான் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. "நான் பொறந்தது டிக்கோயாவில, அண்ணே. எங்கப்பா பொறந்ததும் அங்கதான். எங்க ஊரு எதுன்னு நீங்களே சொல்லுங்க, போறேன்" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நாவல் எனக்குக் கண்ணீரைத் தந்திருந்தது. ஆனால் அந்தக் கண்ணீருக்குப் பின்னால் இருந்த சட்டம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சில வாரங்களின் பின் மருதானைப் பழைய புத்தகக் கடையொன்றில் சி. வி. வேலுப்பிள்ளையின் 'போர்ன் டு லேபர்' கண்ணில் பட்டது. 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்று பொருள். 1970இல் வந்த ஆங்கில நூல். நாவல் அல்ல; தோட்டத்து மனிதர்களையும் அவர்களுடைய வாழ்க்கையையும் பற்றிய சித்திரங்கள். நூலைவிட நூலாசிரியரின் வரலாறே என்னை முதலில் திடுக்கிட வைத்தது. கவிஞராகவும் நாவலாசிரியராகவும் நாம் அறிந்த அவர், 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. மறு வருடமே, 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. தம்மைத் தெரிவுசெய்த மக்களே வாக்காளர் இடாப்பிலிருந்து மறைந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எழுதிய நூலை நான் கையில் வைத்திருந்தேன்.

அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். 'தூரத்துப் பச்சை' வெளிவந்த அதே 1964இல், ஒக்டோபர் மாதத்தில், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்று இரண்டு அரசாங்கங்கள் மனிதரைப் பங்கிட்டன. "ஊருக்குப் போய்விடலாமே" என்று நான் சாதாரணமாகச் சொன்ன வார்த்தை, அந்த நண்பருக்கு அரசாங்கத்தின் கடிதமாகவே வந்து சேரக்கூடியது.

அது வந்தும் சேர்ந்தது. நான் வருத்தம் தெரிவிக்கத் துணிவு கொள்வதற்கு முன்பே அவர் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறிவிட்டார்.

அன்று தொடக்கம் நான் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டேன். ஒரு கதையை வாசித்தால் அதே நிலத்தையும் காலத்தையும் பற்றிய ஓர் அறிவுசார் நூலையும் தேடி வாசிப்பது. வரலாற்று நூலொன்றை வாசித்தால் அதற்குள் வாழ்ந்த மனிதரைக் காட்டும் கதையொன்றைத் தேடுவது. நேயர்கள் கேட்ட கேள்விகளுக்கு என் விடையும் இதுதான்.

இது சொல்வதற்கு எளிது. நடைமுறையில் நூலகமே இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. நமது பொது நூலகங்கள் பலவற்றில் பின்பற்றப்படுவது, அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசாம்சப் பகுப்பு முறை. அறிவுலகம் முழுவதையும் பத்து வகுப்புகளாக அவர் பிரித்தார். 800 என்பது இலக்கியம். 900 என்பது வரலாறும் புவியியலும். ஆங்கில நாவலுக்கு 823. தமிழ் இலக்கியத்துக்கு 894.811. இலங்கை வரலாற்றுக்கு 954.93. தொழிலாளர் பிரச்சினை 331இல் இருக்கும். ஆகவே, ஒரே தோட்டத்து லயத்தைப் பற்றிய நாவலும் ஆய்வும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. இது டூயியின் குற்றமல்ல. புத்தகத்தை எங்காவது ஓரிடத்தில்தானே வைக்க முடியும்! இறாக்கைகளுக்கு இடையே நடக்க வேண்டியவர் வாசகர்.

இதற்கு நான் அடிக்கடி காட்டும் உதாரணம் லெனாட் வுல்ஃப். 1904ஆம் ஆண்டின் இறுதியில் சிவில் சேவை உத்தியோகத்தராக இலங்கைக்கு வந்தவர். யாழ்ப்பாணம், கண்டி ஆகிய இடங்களில் கடமையாற்றிய பின், 1908 ஆகஸ்ட் முதல் 1911 மே வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தார். தாய்நாடு திரும்பிப் பதவியை இராஜிநாமாச் செய்தார். 1913இல் அவருடைய 'த விலேஜ் இன் த ஜங்கிள்' நாவல் வெளியாயிற்று. சிங்களத்தில் 'பெத்தேகம' என்ற பெயரில் வந்தது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் திரைப்படமாக்கியபோது நீதிபதியாகத் தோன்றியவர் விஞ்ஞான எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்.

காட்டோரக் கிராமத்தில் வேட்டையாடியும் சேனைப் பயிர் செய்தும் வாழும் சிலிந்து என்பவனின் குடும்பம், கிராமத் தலைமைக்காரனுக்கும் கடன் கொடுக்கும் முதலாளிக்கும் இடையில் அகப்பட்டு அழிவதே கதை. சேனை வெட்ட அனுமதிப் பத்திரம் வேண்டும். அதைப் பெற்றுக்கொடுப்பதும் தடுப்பதும் தலைமைக்காரன் கையில் இருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போனால் பொய்ச் சாட்சியம் வெல்கிறது. தூரத்து அரசாங்கம் கெட்டதாக இல்லாமலே கேடு செய்யும் விதத்தை இதைவிட அமைதியாகச் சொன்ன நாவலை நான் அதிகம் கண்டதில்லை. வாசித்து முடித்தபோது வுல்ஃபை ஏழைகளின் தோழர் என்றே கொண்டாடினேன்.

பின்னர் 954.93ஆம் இறாக்கையில் அவருடைய இலங்கை நாட்குறிப்பு கிடைத்தது. உத்தியோக முறையில் எழுதி மேலிடத்துக்கு அனுப்பிய நாட்குறிப்பு அது. அங்கே நான் கண்ட மனிதர் வேறொருவர். உப்புச் சேகரிப்பைத் திறமையாக நடத்துகிறார். சட்டத்தைக் கண்டிப்பாக அமுல்செய்கிறார். கால்நடைகளிடையே கொள்ளை நோய் பரவியபோது அலைந்து திரிந்த மாடுகளைச் சுட்டுத் தள்ள வைத்து ஊராரின் வெறுப்பைத் தேடிக்கொள்கிறார். நாவலில் சிலிந்துவை நசுக்கும் இயந்திரத்தை, அம்பாந்தோட்டையில் இயக்கிக்கொண்டிருந்த கை அவருடையதே!

முதலில் ஏமாற்றமடைந்தேன். பிறகு 1961இல் வந்த 'குறோயிங்' என்ற அவருடைய சுயசரிதையைப் படித்தேன். தாம் ஓர் ஏகாதிபத்திய உத்தியோகத்தராக இருந்ததையும், அதில் நம்பிக்கை தளர்ந்ததையும் அவரே அதில் விவரிக்கிறார். அதன் பின் நாவலை மீண்டும் எடுத்தேன். நல்லவர் ஒருவர் ஏழைகளுக்காக இரங்கி எழுதிய கதையாக அது இப்போது தெரியவில்லை. தன் கையைத் தானே பார்த்த ஒருவர் எழுதிய கதையாகத் தெரிந்தது. நாவலின் மதிப்பு எனக்குக் கூடிற்றே தவிரக் குறையவில்லை. 1963இல் லண்டனில் ஹோகார்த் பிரஸ் அந்த நாட்குறிப்பை வெளியிட்டபோது, வுல்ஃபின் கீழைத்தேயச் சிறுகதைகளையும் அதே அட்டைக்குள் சேர்த்தது. அந்தப் பதிப்பில் கதையும் நிருவாகக் குறிப்பும் அருகருகே இருக்கின்றன.

இன்னொரு சோடி, ரொபேட் நொக்ஸும் டானியல் டீஃபோவும். 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்ட ஆங்கிலேய இளைஞர் நொக்ஸ், ஏறக்குறைய இருபது வருடங்கள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்தார். கம்பிக்குள் அல்ல, கிராமங்களில், தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தபடி. 1679இல் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் அவர் வெளியிட்ட இலங்கை பற்றிய நூல் அறிவுசார் நூல்தான். டீஃபோ 1720இல் எழுதிய 'கப்டன் சிங்கிள்டன்' நாவலுக்குள் நொக்ஸின் சிறைவாழ்வு சுருக்கமாக அப்படியே இடம்பெறுகிறது. அதற்கு முந்திய ஆண்டு வந்த 'றொபின்சன் குரூசோ'விலும் நொக்ஸின் சாயல் உண்டு என்பர் ஆய்வாளர். நொக்ஸ் நூலில் என்னை விட்டு நீங்காத பகுதி ஒன்றுண்டு. சிறைப்பட்ட காலத்தின் தொடக்கத்தில் அவரிடம் இரண்டே சமய நூல்கள்தான் இருந்தன. மனப்பாடமாகும்வரை அவற்றையே திரும்பத் திரும்ப வாசித்தார். ஒருநாள் முதியவர் ஒருவரிடம் ஆங்கில விவிலியம் ஒன்று இருக்கக் கண்டு, பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதனைப் பெற்றுக்கொண்டார். நூலகத்துள் நின்று எதை எடுப்பதென்று தெரியவில்லை என்று நான் அலுத்துக்கொள்ளும் வேளைகளில் அந்தத் தொப்பியை நினைத்துக்கொள்வேன்.

நம்மவர் மத்தியில் அறிவுசார் நூல் பிந்தி வந்ததென்று எண்ணிவிடக் கூடாது. சித்தி லெவ்வையின் 'அசன்பே சரித்திரம்' ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எனப்படுவது. அது 1885இல் வந்தது. அதற்கு முன்பே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீனும் அவருடைய மாணவரும் சத்திர வைத்தியம், உடலமைப்பு, இரசாயனம் ஆகிய துறைகளில் தமிழில் நூல்கள் தந்துவிட்டனர். 1902இல் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 'அபிதானகோசம்' என்ற கலைக்களஞ்சியத்தை வெளியிட்டார். இவற்றை வாசித்தவர்களும் கதை கேட்டு வளர்ந்தவர்களும் ஒரே மக்கள்தாம்.

சரி, புதிய வாசகர் எங்கே தொடங்குவது? நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு நாவலை முடித்ததும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறேன். இது எந்த இடம்? எந்தக் காலம்? இதில் வருவோர் என்ன தொழில் செய்து பிழைக்கிறார்கள்? இடம் பிரயாண நூல்களுக்கும் புவியியலுக்கும் இட்டுச் செல்லும். காலம் வரலாற்றுக்கும் சுயசரிதைக்கும் இட்டுச் செல்லும். தொழில்தான் மிகச் சிறந்த வழிகாட்டி. மீன்பிடி, தேயிலை, உப்பு, நெசவு என எதை எடுத்தாலும் அதுபற்றி எவரோ எழுதி வைத்திருப்பார். அறிவுசார் நூலாயின் பின்பக்கத்து நூற்பட்டியலை முதலில் பாருங்கள். அடுத்த ஐந்து நூல்கள் அங்கேயே காத்திருக்கும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். அச்சில் வந்த வரலாறெல்லாம் உண்மை, கதையெல்லாம் கற்பனை என்று கொள்ளலாகாது. மேலதிகாரிக்காக எழுதப்பட்ட நாட்குறிப்பு சிலவற்றைச் சொல்லாமல் விடும். நாவலுக்கோ புள்ளிவிபரக் கடமை இல்லை. ஒன்றின் குறையை மற்றது காட்டிக்கொடுக்கும். அதற்காகவே இரண்டும் வேண்டும்.

நூல் கிடைப்பதில்லை என்ற முறைப்பாட்டிலும் நியாயம் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. நெருப்பு கதையென்றும் வரலாறென்றும் பார்க்கவில்லை. இன்று, 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தின் வழியாக ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பெருமளவில் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் ஊர் வாசிகசாலையிலும் தூசி படிந்த ஓர் இறாக்கை நிச்சயம் இருக்கும். அதிகம் பேர் போகாத அந்தப் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியபோது, பத்திரிகையில் அச்செய்தியை இரண்டு தடவை வாசித்தேன். டிக்கோயாவில் பிறந்த என் நண்பர் எந்த ஊரில் இருக்கிறார், இருக்கிறாரா என்பதும் எனக்குத் தெரியாது. 'தூரத்துப் பச்சை'யும் 'போர்ன் டு லேப'ரும் என் வீட்டில் அருகருகே இருக்கின்றன. எந்த நூலக விதிப்படியும் அது பிழையான அடுக்குத்தான். நான் அதை மாற்றுவதில்லை.