ஜாவா சர்வரும் பதிவேடும்

பழங்காலத்துக் கப்பல்களில் வேகத்தை அளப்பதற்கு ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிவார்கள். அக்கட்டைக்கு ஆங்கிலத்தில் ‘லாக்’ என்று பெயர். அந்தக் கணக்கைக் குறித்து வைத்த ஏட்டுக்கும் நாளடைவில் அதே பெயர் வந்து சேர்ந்தது. இன்று கணிப்பொறி சர்வர் தான் செய்ததைத் தானே எழுதி வைக்கும் ஏட்டையும் அப்பெயராலேயே அழைக்கிறோம். இக்கட்டுரையில் அதனைப் பதிவேடு என்றே குறிப்பிடுகிறேன்.

நம் சங்கத்து நண்பர்களுள் சிலர் பாடத்தின் பொருட்டும், சிலர் விடுதிக் காரியங்களின் பொருட்டும் ஜாவாவில் சர்வர் எழுதி வருகிறார்கள். “பதிவுக் கருவிகள் பல இருக்கின்றனவே, எதை எடுத்துக்கொள்வது?” என்று அவர்கள் என்னைக் கேட்பதுண்டு. “கருவி எதற்கு? பிரிண்ட்லைன் போட்டால் போதாதா?” என்பாரும் உளர். அவர்களுக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்.

விடுதிச் சாப்பாட்டுக் கணக்கைப் பார்க்கும் சர்வர் ஒன்று இருக்கிறதென்று கொள்வோம். மாதக் கடைசி நாள் இரவு, நாற்பது பேர் ஒரே சமயத்தில் பணம் கட்டுகிறார்கள். ஒருவருக்கு வங்கியில் பணம் கழிந்துவிட்டது. நம் கணக்கிலோ வரவு இல்லை. ஏட்டைத் திறந்தால், ‘பணம் சேரவில்லை’ என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. யாருடைய பணம்? எத்தனை மணிக்கு? வங்கி என்ன பதில் சொல்லிற்று? ஒன்றும் தெரியாது. பாக்கி இருக்கிறதென்று அந்த மாணவரின் தேர்வுச் சீட்டை நிறுத்தினால், அவர் பொய் சொல்லவில்லை என்பதற்கு அந்த ஏட்டைத் தவிர வேறு சாட்சி ஏது? நேரம், தரம், இடம் ஆகியவற்றை ஒவ்வொரு வரியிலும் தவறாமல் எழுதுவதற்கே கருவி வேண்டியிருக்கிறது.

கருவிகள் இத்தனை பெருகியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1996-ஆம் ஆண்டளவில் ஐரோப்பியத் திட்டம் ஒன்றில் முளைத்தது லாக்ஃபோர்ஜே. 2002-இல் வந்த ஜாவா 1.4 தனக்கென ஒரு பதிவுக் கருவியைக் கொண்டுவந்தது. லாக்ஃபோர்ஜேயை உருவாக்கிய ஜெகி குல்ஜூ பின்னர் எஸ்.எல்.எஃப்.ஃபோர்ஜே என்ற முகப்பையும், லாக்பேக் என்ற புதிய கருவியையும் எழுதினார். 2014-இல் லாக்ஃபோர்ஜே 2 வெளிவந்தது. ஆக, ஒரே வேலைக்குப் பல பேர்!

இவற்றுள் முகப்பு வேறு, எழுத்தர் வேறு என்பதை அறிந்துகொண்டால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். தபால் பெட்டியில் கடிதம் போடுகிறவர், அது எந்த ரயிலில் போகிறதென்று கவலைப்படுவதில்லை. எஸ்.எல்.எஃப்.ஃபோர்ஜே அந்தத் தபால் பெட்டி. உங்கள் நிரல் அதனோடு மட்டும் பேசட்டும். எழுத்தரைப் பின்னர் மாற்ற நேர்ந்தாலும் நிரலில் ஒரு வரியையும் தொட வேண்டியதில்லை.

எழுத்தர் யார்? ஜாவாவுடன் வரும் கருவியைத் தனியே கொண்டுவர வேண்டியதில்லை. சிறு வேலைக்கு அதுவே போதும். ஆனால் அதன் அமைப்பு ஜாவா பொறி முழுவதற்கும் ஒன்று. ஒரே டாம்கேட்டில் பல செயலிகள் குடியிருக்கும்போது இது ஒத்துவராது என்பதனால்தான் டாம்கேட் ‘ஜூலி’ என்ற தன் சொந்த வடிவத்தை வைத்திருக்கிறது. மேலும், ‘ஃபைன்’, ‘ஃபைனர்’, ‘ஃபைனெஸ்ட்’ என்ற அதன் தரப் பெயர்கள் துணிக்கடைச் சரக்குப்போல் எனக்குத் தோன்றுகின்றன. ஸ்பிரிங் பூட் பயன்படுத்துவோருக்கு லாக்பேக் தானாகவே வந்துவிடும். மாணவர் எழுதும் சர்வருக்கு அதுவே ஏற்றது என்பது என் முடிவு. நொடிக்குப் பல்லாயிரம் வரிகள் எழுதும் சர்வராயின், பின்னணியில் எழுதும் திறன் மிக்க லாக்ஃபோர்ஜே 2-ஐ நாடலாம்.

லாக்ஃபோர்ஜே 2 என்றதும் 2021 டிசம்பர் நினைவுக்கு வராதவர் இத்துறையில் இருக்க முடியாது. எழுதச் சொன்னதை எழுதுவதுதானே எழுத்தரின் வேலை? இந்த எழுத்தரோ, எழுதும் வரியில் டாலர் குறியும் வளைந்த அடைப்பும் இட்டு ஒரு முகவரி இருந்தால், அந்த முகவரிக்கே போய் அங்குள்ள நிரலை எடுத்துவந்து இயக்கவும் செய்தது! 2013-இல் வசதி என்று சேர்த்த ஒன்றின் விளைவு இது. பயனர் பெயர் கேட்கும் கட்டத்தில் யாரோ தட்டிய ஒரு வரி, மைன்கிராஃப்ட் ஆட்டத்தில் அனுப்பிய ஓர் அரட்டைச் செய்தி, இவையே சர்வரைக் கைப்பற்றப் போதுமானவையாயின. அபாய அளவையில் பத்துக்குப் பத்து. 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அந்த ஒரு மாதத்திலேயே திருத்தங்கள் அடுத்தடுத்து வந்தன. இன்றைய பதிப்புகளில் அந்தக் குறை இல்லை. ஆயினும் இணையத்தில் கிடைக்கும் பழைய பாடத்தைப் பார்த்து, அதில் கண்ட பதிப்பு எண்ணை அப்படியே எடுத்தெழுதும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அதை இன்றே விட்டுவிடுங்கள். லாக்ஃபோர்ஜே 1-ஐத் தொடவே வேண்டாம். அதன் பராமரிப்பு 2015-லேயே நின்றுவிட்டது.

கருவியைத் தேர்ந்தபின் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண்ணை எம்.டி.சி. என்னும் பையில் இட்டால், அதை எல்லா வரியிலும் பதியும்படி அமைத்துக்கொள்ளலாம். நாற்பது பேரின் வரிகள் கலந்திருந்தாலும் பிரித்தெடுக்கலாம். ஆனால் சர்வரில் ஒரே இழை பலருக்கு மாறி மாறி வேலை செய்கிறது. கோரிக்கை முடிந்ததும் பையைக் காலி செய்யாவிட்டால், முருகனின் எண் கந்தனின் கணக்கில் ஏறிவிடும். சாட்சியே பொய் சொன்னால் என்ன செய்வது?

மற்றொன்று, லாக்பேக்கின் பின்னணி எழுத்து முறை. அதன் வரிசையில் 256 இடங்கள் உண்டு. அது ஐந்தில் நான்கு பங்கு நிரம்பியதும், இன்ஃபோ தரமும் அதற்குக் கீழ்ப்பட்டவையுமான செய்திகளை அது எறிந்துவிடும். நாமாக மாற்றாதவரை இதுவே ஏற்பாடு. கூட்டம் மிகுந்த இரவில், மிகவும் வேண்டிய பண வரவுச் செய்தியே காணாமற்போகும் என்பதை எண்ணிப் பாருங்கள். பணம் பற்றிய ஏட்டுக்கு இம்முறை வேண்டாம்.

கடவுச் சொல்லையும் வங்கி அட்டை எண்ணையும் எந்த ஏட்டிலும் எழுதக் கூடாது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எத்தனை நாள் ஏட்டை வைத்திருப்பது? நடுவண் அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணை, நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் 180 நாள் பதிவுகளை நாட்டுக்குள்ளேயே காத்துவர வேண்டும் என்கிறது. லாக்பேக்கில் நாளுக்கு ஓர் ஏடாகப் பிரித்து, 180 என்று குறித்துவிடலாம். கூடவே மொத்த அளவுக்கும் ஒரு வரம்பு இட்டிருந்தால், அது நிரம்பியதும் பழைய ஏடுகள் 180 நாளுக்கு முன்பே அழிந்துபோகும். ஆகையால் ஒரு வாரம் ஓடவிட்டு, நாளொன்றுக்கு எவ்வளவு எழுதப்படுகிறது என்று பார்த்தபின் அந்த வரம்பைக் குறியுங்கள்.