நாள்காட்டிப் பக்க வடிவமைப்புத் தானியக்கம்

நாள்காட்டிப் பக்க வடிவமைப்புத் தானியக்கம் என்பது, தினசரி நாள்காட்டியின் 365 தாள்களையும் ஒவ்வொன்றாகக் கையால் அமைக்காமல், ஒரே வார்ப்புருவில் தரவு அட்டவணையை இணைத்து மென்பொருளைக் கொண்டே உருவாக்கும் முறையாகும். ஆமத்தூரை அடுத்த சிவகாசி, பட்டாசுடன் நாள்காட்டி அச்சிடலுக்கும் பெயர்பெற்றது. அங்குள்ள பணிகளில் இம்முறைக்கு மிகவும் பொருந்துவது இதுவே.

அட்டவணையின் ஒரு வரிசை ஒரு நாள். தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், இராகு காலம் ஆகியவை தனித்தனி நெடுவரிசைகளில் இருக்கும். 2001இல் வெளியான பேஜ்மேக்கர் 7.0 பதிப்பிலேயே தரவு இணைப்பு வசதி இருந்தது. இன்டிசைனில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எழுதி, ஞாயிறுகளையும் விடுமுறைகளையும் சிவப்பாக்கலாம். பெட்டியை மீறும் பண்டிகைப் பெயரின் எழுத்தளவைக் குறைக்கலாம்.

தமிழில் பெருந்தொல்லை நிரலால் அல்ல, எழுத்துருவால் வருகிறது. "ரோகிணி" என்பதன் முதலெழுத்து, பழைய எழுத்துருக்களில் இரட்டைக்கொம்பு, ரகரம், கால் எனக் கண்ணில் படும் வரிசையில் பதிவாகும். ஒருங்குறியிலோ ரகரத்துக்குப் பின்பே ஓகாரக் குறி வரும். ஒருங்குறித் தரவைப் பழைய எழுத்துருவில் ஊற்றினால் எழுத்துகள் சிதையும். ஒருங்குறி எழுத்துருவே ஆனாலும், இந்திய மொழிகளுக்கான வரியமைப்பி இன்டிசைனில் தேர்ந்தெடுக்கப்படாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும்.

இப்பிழைகள் பார்த்ததும் தெரிந்துவிடும். திதி நெடுவரிசை மட்டும் ஒரு வரிசை கீழிறங்கினால் அப்படித் தெரியாது. பக்கங்கள் அழகாகவே வரும், திதியைச் சார்ந்த விரத நாள்கள் தவறாகும். வாக்கியப் பஞ்சாங்கத் தரவோடு திருக்கணிதத் தரவு கலந்தாலும் மென்பொருள் எச்சரிக்காது. எனவே தகடு எடுப்பதற்கு முன், ஆடி அமாவாசைத் தாளில் அமாவாசைத் திதி உள்ளதா, திங்கட்கிழமைகளில் இராகு காலம் 7.30–9 என உள்ளதா என்று சரிபார்ப்பது பயன்தரும்.