அந்தமானில் சுற்றுலாவைத் திறப்பது எளிது, ஆள் சேர்ப்பது கடினம்: பெருந்தொற்றுக் கால மூடல் காட்டியது என்ன?

ஸ்ரீ விஜயபுரம்: கொரோனா பெருந்தொற்று பரவத் தொடங்கிய 2020 மார்ச் மாதத்தில் அந்தமான் நிகோபார் தீவுகளின் சுற்றுலாத் தலங்கள் மூடப்பட்டபோது, அந்த ஆண்டின் சுற்றுலாப் பருவம் முடிய ஏறத்தாழ இரண்டு மாதங்கள் எஞ்சியிருந்தன. அக்டோபரில் தொடங்கி மே வரை நீளும் இந்தப் பருவத்தில் ஈட்டும் பணத்தைக் கொண்டுதான் படகோட்டிகளும் ஸ்கூபா பயிற்சியாளர்களும் அடுத்து வரும் மழைக்காலத்தைக் கடத்துவார்கள். 2020-ல் அந்தச் சேமிப்பு பாதியிலேயே நின்றது. பின்னர் தளர்வுகள் வந்தன. 2021 கோடையில் இரண்டாம் அலையும் வந்தது. அடுத்தடுத்து இரண்டு பருவங்கள் சிதைந்தன.

மூடிய தலத்தை மீண்டும் திறக்க நிர்வாகத்தின் ஓர் உத்தரவு போதும். ஆனால், கடலுக்கு அடியில் பயணியின் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் பயிற்சியாளரை எந்த உத்தரவும் ஒரே நாளில் திரும்பக் கொண்டுவந்துவிடாது. பொழுதுபோக்குத் தலங்களை மீண்டும் திறப்பது குறித்து அந்நாட்களில் நடந்த விவாதங்களில் முகக்கவசம், கிருமிநாசினி, சமூக இடைவெளி ஆகியவை பேசப்பட்ட அளவுக்கு இந்தக் கேள்வி பேசப்படவில்லை.

கடலே பூங்கா

சென்னையை ஒட்டிய கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருப்பதைப் போன்ற ராட்சத ராட்டினங்கள் நிறைந்த பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் அந்தமானின் அடையாளம் அல்ல. அங்கு அந்த இடத்தைக் கடல் எடுத்துக்கொண்டுள்ளது. ஹேவ்லாக் என்று முன்பு அழைக்கப்பட்ட ஸ்வராஜ் தீவின் எலிஃபண்ட் கடற்கரையில் ஸ்நார்கெலிங், ஜெட் ஸ்கி, கடலடி நடை ஆகியவை நடக்கின்றன. தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 செப்டம்பர் வரை இதன் பெயர் போர்ட் பிளேர்) கோர்பின்ஸ் கோவ் கடற்கரையும் ராஜீவ் காந்தி நீர் விளையாட்டு வளாகமும் உள்ளன. வண்டூரிலிருந்து ஜாலி பாய் தீவுக்குச் செல்லும் பயணிகள் அடிப்பகுதியில் கண்ணாடி பொருத்திய படகுகளில் பவளப் பாறைகளைப் பார்க்கின்றனர்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த யூனியன் பிரதேசத்தில் வசித்தவர்கள் 3,80,581 பேர். பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளிலோ ஆண்டுக்கு ஏறக்குறைய 5 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்து சென்றனர். உள்ளூர் மக்களைவிட விருந்தினர் அதிகம் என்ற நிலையில் விருந்தினர் வருகை திடீரென நின்றால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பாதிப் பயணிகள், முழுப் பணியாளர்கள்

மத்திய உள்துறை அமைச்சகம் 2020 செப்டம்பர் 30-ம் தேதி வெளியிட்ட தளர்வு உத்தரவில், கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கு வெளியே உள்ள பொழுதுபோக்குப் பூங்காக்கள் அக்டோபர் 15 முதல் செயல்பட அனுமதிக்கப்பட்டது. இதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்டது. 6 அடி இடைவெளி, நுழைவாயிலில் உடல் வெப்பப் பரிசோதனை, அடிக்கடி தூய்மைப்படுத்துதல், நீர்ச் சறுக்கு விளையாட்டுகளில் தண்ணீரை வடிகட்டிக் குளோரின் கலத்தல் ஆகியவை அதில் இடம்பெற்றன. முதியவர்களும் கர்ப்பிணிகளும் இணைநோய் உள்ளவர்களுமான ஊழியர்களை, பொதுமக்களுடன் நேரடியாகப் பழகும் பணிகளில் இயன்றவரை ஈடுபடுத்தக் கூடாது என்றும் அறிவுறுத்தப்பட்டது.

இவற்றைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு முரண் தெரியும். ராட்டினத்தில் 40 பேர் ஏறினாலும் 20 பேர் ஏறினாலும் விசையை இயக்க ஒருவர் வேண்டும். கம்பிக் கதவருகே ஒருவர் வேண்டும். பயணிகளைப் பாதியாகக் குறைத்தால் வருமானம் பாதியாகும். பணியாளர் தேவை பாதியாகாது. மாறாக, வெப்பம் அளக்கவும், வரிசையைப் பிரிக்கவும், ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் இருக்கைகளைத் துடைக்கவும் புதிதாக ஆள் தேவைப்பட்டது. அனுபவம் மிக்க மூத்த ஊழியர்களில் ஒரு பகுதியினரைப் பின்வரிசைக்கு அனுப்ப வேண்டிய நிலையும் ஏற்பட்டது.

உலகின் மிகப் பெரிய நிறுவனங்களும் இந்தக் கணக்கில் தடுமாறின. ஷாங்காய் டிஸ்னிலேண்ட் 2020 மே 11-ல் மிகக் குறைந்த பார்வையாளர்களுடன் திறந்தது. புளோரிடாவில் உள்ள பூங்காக்கள் ஜூலையில் திறந்தன. கலிபோர்னியா பூங்காவோ 2021 ஏப்ரல் 30 வரை காத்திருந்தது. இதற்கிடையே, அமெரிக்கப் பூங்காக்கள் சார்ந்த பிரிவில் 28,000 பேரைப் பணிநீக்கம் செய்யப்போவதாக டிஸ்னி 2020 செப்டம்பரில் அறிவித்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பகுதிநேர ஊழியர்கள்.

அந்தமான் கடலில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. முதன்முறையாக ஸ்கூபா உடையணியும் பயணி ஒருவருக்கு ஒரு பயிற்சியாளர் என்பதே அங்கு பரவலான வழக்கம். நீச்சல் தெரியாதவரும் இறங்குவதால் இதில் சமரசத்துக்கு இடம் குறைவு. எனவே பத்துப் பயிற்சியாளர்களில் ஐவர் ஊர் திரும்பிவிட்டால், வாசலில் எத்தனை பேர் காத்திருந்தாலும் ஒரு சுற்றில் ஐவர் மட்டுமே கடலில் இறங்க முடியும்.

போதாக்குறைக்கு, ஸ்கூபாவிலும் ஸ்நார்கெலிங்கிலும் மூச்சுக்குழாயின் வாய்ப்பகுதியைப் பலர் அடுத்தடுத்துப் பயன்படுத்துகின்றனர். எச்சில் படும் கருவி என்பதால் ஒவ்வொரு முறையும் அதைக் கிருமிநாசினிக் கரைசலில் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்த வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் உப்புக்காற்றில் கிடந்த படகு இயந்திரங்களையும், காற்று உருளைகளை நிரப்பும் கம்ப்ரசர்களையும் பழுதுபார்க்காமல் இயக்குவது ஆபத்து. கம்ப்ரசரின் வடிகட்டி கெட்டிருந்தால், உருளைக்குள் செல்லும் காற்றே நஞ்சாகிவிடும். இவை எல்லாம் பயணி கண்ணில் படாத வேலைகள். செய்யாமல் விட்டாலும் உடனே யாருக்கும் தெரியாது.

ஒரு மாதத்தில் உருவாகாத திறன்

பன்னாட்டு ஸ்கூபா பயிற்சி அமைப்பான பாடி வழங்கும் ‘டைவ் மாஸ்டர்’ சான்றிதழ், தொழில்முறைப் படிநிலையின் முதல் படி. அதற்குக் குறைந்தபட்ச வயது 18. பயிற்சியில் சேரும்போது 40 முறை கடலில் மூழ்கிய பதிவும், சான்றிதழ் பெறும்போது 60 முறை மூழ்கிய பதிவும் இருக்க வேண்டும். அதற்கு முன்பே மீட்புப் பயிற்சியும் முதலுதவிப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். பயிற்சியாளர் தேர்வுக்கோ 100 முறை மூழ்கிய பதிவு தேவை. தவிர, கொரோனாவால் நுரையீரல் பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகே மீண்டும் ஆழத்துக்குச் செல்ல வேண்டும் என்று ஸ்கூபா மருத்துவ வல்லுநர்கள் அறிவுறுத்தினர். படகு இயக்குவோருக்கும் உயிர்காப்பாளர்களுக்கும் கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் பயிற்சி அளிக்கிறது.

ஓட்டலில் பாத்திரம் கழுவுபவர் வேறு ஊருக்குச் சென்றுவிட்டால் மறுவாரம் இன்னொருவரைச் சேர்க்கலாம். டைவ் மாஸ்டர் ஒருவர் பிழைப்புக்காகச் சொந்த ஊரில் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டால், அவருக்கு மாற்றாக ஒருவரை உருவாக்கப் பல மாதங்கள் ஆகும். சென்னையிலிருந்து கப்பலில் வந்தால் ஏறக்குறைய மூன்று நாள் பயணம் என்ற தொலைவில் உள்ள தீவுகளுக்கு, வேலை நிச்சயமில்லாத நிலையில் திரும்பிவர எத்தனை பேர் துணிவார்கள் என்ற கேள்வியும் உண்டு.

தமிழர்களுக்கும் இதில் நேரடித் தொடர்பு உள்ளது. தீவுகளின் மக்கள்தொகையில் சுமார் 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தமிழகத்திலிருந்து செல்லும் குடும்பத்துக்குக் கடலில் இறங்கும் முன் சொல்லப்படும் எச்சரிக்கைகள் தாய்மொழியில் கிடைப்பது வசதி மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட.

உதவித் திட்டங்கள் யாருக்கு எட்டின?

மீண்டும் ஆள் சேர்ப்பதை ஊக்குவிக்க மத்திய அரசு கொண்டுவந்த முக்கியத் திட்டம் ‘ஆத்மநிர்பர் பாரத் ரோஜ்கார் யோஜனா’. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த இத்திட்டம், அந்த ஆண்டு மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரையிலான காலத்தில் வேலையிழந்தவர்களை மீண்டும் பணியமர்த்திய நிறுவனங்களுக்கும் பொருந்தியது. மாதம் 15,000 ரூபாய்க்குக் குறைவாக ஊதியம் பெறும் புதிய பணியாளருக்கான வருங்கால வைப்பு நிதிப் பங்களிப்பை அரசு இரண்டு ஆண்டுகளுக்கு ஏற்றது. 1,000 பேர் வரை பணிபுரியும் நிறுவனங்களில், தொழிலாளி, முதலாளி ஆகிய இரு தரப்புப் பங்கும் அதில் அடங்கும்.

திட்டத்தின் நோக்கம் சரியானதே. ஆனால் அதன் வாசல் வருங்கால வைப்பு நிதிக் கணக்கு. சொந்தப் படகு வைத்திருப்பவர், முறைக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் பயிற்சியாளர், கடற்கரையில் உயிர்காப்பு அங்கி வாடகைக்கு விடுபவர் ஆகியோரின் பெயர் எந்த நிறுவனத்தின் ஊதியப் பட்டியலிலும் இருப்பதில்லை. அந்த வாசல் வழியே அவர்கள் நுழைய முடியாது.

2021 ஜூன் 28-ம் தேதி மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த மற்றொரு திட்டத்தில், உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டிகளுக்கு 1 லட்சம் ரூபாய் வரையும், பயண முகவர்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையும் அரசு உத்தரவாதத்துடன் கடன் வழங்கப்படும் எனக் கூறப்பட்டது. இங்கும் உரிமம் என்ற சொல்லே எல்லைக்கோடு. தெருவோர வியாபாரிகளுக்காக 2020-ல் தொடங்கப்பட்ட 10,000 ரூபாய் கடன் திட்டம், இளநீர் விற்பவருக்கு உதவக்கூடியது. படகோட்டிக்கு உரியது அல்ல.

அவசரத்தின் விலை

ஆள் பற்றாக்குறையுடன் தலங்களைத் திறப்பதில் உள்ள ஆபத்து என்ன என்பதற்கு அந்தமானிலேயே ஒரு கசப்பான முன்னுதாரணம் உண்டு. பெருந்தொற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றாலும் நினைவில் கொள்ளத் தக்கது. 2014 ஜனவரி 26-ம் தேதி, குடியரசு தின விடுமுறையில், போர்ட் பிளேர் அருகே ‘அக்வா மரைன்’ என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 21 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து சென்றவர்கள். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையை மீறிப் பயணிகள் ஏற்றப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது.

நீண்ட மூடலுக்குப் பின் திறக்கும்போது, கடனில் இருக்கும் உரிமையாளருக்குக் கூடுதலாக இருவரை ஏற்றிக்கொள்ளும் ஆசை வருவது இயல்பு. அதைத் தடுக்கும் கடைசி ஆள் கரையில் நின்று தலை எண்ணும் ஊழியர்தான். வேலைக்குப் புதியவர் என்றால், உரிமையாளரிடம் ‘முடியாது’ என்று சொல்லும் துணிவு அவருக்கு எளிதில் வராது.

தீவுகளில் மற்றொரு கவலையும் சேர்ந்துகொண்டது. 2020 ஆகஸ்டில், ஐம்பதைச் சற்றே தாண்டிய எண்ணிக்கையில் மட்டுமே எஞ்சியுள்ள கிரேட் அந்தமானியப் பழங்குடியினர் சிலருக்குத் தொற்று உறுதியானது, அவர்கள் குணமடைந்தனர். வெளியிலிருந்து வரும் பயணியோ பணியாளரோ கொண்டுவரும் நோய் யாரைத் தொடும் என்பது அங்கு வெறும் சுகாதாரப் புள்ளிவிவரமாக முடிந்துவிடாது. தீவுகளுக்கு வருவோரிடம் ஆர்டி-பிசிஆர் சான்று கோரப்பட்டதன் பின்னணியைப் புரிந்துகொள்ள இது உதவும். 2021 டிசம்பரில், தகுதியுள்ள வயதுவந்தோர் அனைவருக்கும் இரண்டு தவணைத் தடுப்பூசியும் செலுத்தப்பட்டதாக அந்தமான் நிர்வாகம் அறிவித்தது. பணியாளர்கள் அச்சமின்றித் திரும்புவதற்கு, எந்தக் கடன் திட்டத்தையும்விட இது அதிகம் உதவியிருக்கும் எனக் கருதலாம்.

அதன் பிறகு கட்டமைப்பு வேகமாக வளர்ந்துள்ளது. சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் பதிக்கப்பட்ட கண்ணாடி இழை வடம் 2020 ஆகஸ்ட் 10-ல் பயன்பாட்டுக்கு வந்ததால், ஸ்வராஜ் தீவுக்கும் அதிவேக இணையம் கிடைத்தது. ஆண்டுக்கு 50 லட்சம் பயணிகளைக் கையாளும் திறன் கொண்ட வீர சாவர்க்கர் விமான நிலையப் புதிய முனையத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2023 ஜூலை 18-ல் திறந்துவைத்தார். அதன் கட்டுமானச் செலவு சுமார் 710 கோடி ரூபாய். அந்த முனையத்தில் வந்திறங்கும் பயணி மறுநாள் காலை கடலில் இறங்கும்போது உடன் வரும் பயிற்சியாளருக்கு, இன்றும் முன்போலவே 100 முறை மூழ்கிய பதிவு தேவை.