மரமேறுவோரும் வௌவாலும்

திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் பனையேறிக் காய்ந்த ஓலை கழிக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஓலையிடுக்கில் உறங்கும் வௌவால் திடீரெனப் பறந்தால் பிடி நழுவும். ஆதலின் அரிவாள் ஓங்குமுன் மட்டையைக் கோலால் மெல்லத் தட்டுக. குட்டியோடு தாயிருப்பின் அவ்வோலையைப் பின்னர்க் கழிப்போம். விழுந்து கிடப்பதை வெறுங்கையால் தொடலாகாது. கடியோ கீறலோ பட்டால் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டுகிறோம்.

வௌவால் நமக்குப் பகையன்று. சிறுவகைகள் பூச்சிகளைத் தின்னும்; பழந்தின்னிகள் இரவில் இலவம்பூவில் தேனுண்டு மகரந்தம் பரப்பும். நம் தலையணைப் பஞ்சில் அவற்றின் உழைப்பும் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் பழந்தின்னிகளைத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பட்டியலையே நீக்கிற்று. நாமும் நம் மனத்தினின்று அதனை நீக்குவோமாக.