வன்னியும் வலசைப் பறவைகளும்

ஐப்பசியில் வன்னிப் பெருநிலத்து வானம் இருண்டு வடகீழ்ப் பருவமழை தொடங்குகின்றது. குளங்கள் நிறைந்து வான் பாய்வதற்கு முன்னரே, கோடையிற் காணப்படாத பறவைகள் பல அவற்றின் ஓரங்களில் வந்திறங்கிவிடுகின்றன. இமயத்துக்கு அப்பாலிருந்தும், சைபீரியச் சதுப்பு நிலங்களிலிருந்தும், வடதுருவத்தை அடுத்த மரமற்ற வெளிகளிலிருந்தும் வரும் இவை, பங்குனி வரையில் இங்குத் தங்கி மீள்கின்றன. பருவந்தோறும் இவ்வாறு இடம்பெயர்ந்து மீளுதலையே வலசை என்கிறோம்.

இவை குளிருக்கு அஞ்சி ஓடி வருகின்றன என்பர் பொதுமக்கள். அஃது அரைவாசி உண்மையே. இறகுப் போர்வையுடைய பறவைக்குக் குளிரினும் பசியே பெரும் பகை. ஏரி உறைந்துவிட்டால் தாரா எங்ஙனம் மேயும்? சேறு இறுகிவிட்டால் உள்ளான் தன் அலகை எங்கே நுழைக்கும்? இதனினும் வியப்பானது, உணவு குன்றுவதற்கு முன்னரே அவை புறப்பட்டுவிடுதல். கனடாவில் வில்லியம் றோவன் என்னும் அறிஞர், 1920களில், கூட்டிலடைத்த சிறு குருவிகளுக்குக் கடும் மாரியிற் செயற்கை ஒளியாற் பகலை நீட்டிக் காட்டினார். வெளியே பனி உறைந்து கிடக்கவும், அவற்றின் இனப்பெருக்க உறுப்புக்கள் இளவேனிலிற்போல வளர்ந்தன. பகலின் நீளமே பறவைகளுக்கு நாட்காட்டி என்பது இதனால் விளங்கலாயிற்று.

தமிழர் இச்செலவை அறியாதவரல்லர். சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விடுத்த பாடலில், அப்பறவை தென்றிசைக் குமரிக்கு வந்து வடதிசைக்கு மீள்வதாகவே கூறுகிறார். அதன் அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமை காட்டுகிறார். கிழங்கு அவித்துத் தின்னும் நம்மவர்க்கு இவ்வுவமைக்கு உரை வேண்டுவதில்லை. செங்காலும் சிவந்த அலகும் உடைய அது, ஐரோப்பாவிலும் நடு ஆசியாவிலும் கூடு கட்டும் வெண்ணாரையே என்பர் பறவையியலார்.

வன்னி இப்பறவைகளுக்கு ஏற்ற இடமாதற்குக் காரணம் அதன் நீர்நிலைகளின் ஆழமின்மை. கனகராயன் ஆற்றைத் தொடர்ந்து சென்றால் இஃது இனிது புலனாகும். வடக்கு நோக்கி ஓடும் அவ்வாற்றை மறித்துக் கட்டியதே இரணைமடுக் குளம். அதன்கீழ் வயல்கள் விரிந்துள்ளன. எஞ்சிய நீர் ஆனையிறவு, சுண்டிக்குளம் ஆகியவற்றை அடுத்த கடனீரேரியிற் கலக்கின்றது. ஆகவே நன்னீர், வயற்சேறு, உவர்ச்சேறு, உவர்நீர் ஆகிய நான்கும் சில மைல் தூரத்துள் அமைந்துவிட்டன. குளத்து நன்னீரில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் மேய்கின்றன. சேற்றில் உள்ளான் இனங்கள் தத்தம் கால் நீளத்துக்கு ஏற்ற ஆழத்தில் நிற்கின்றன. ஆதலின் ஒன்றன் உணவை மற்றொன்று பறிப்பது குறைவு. அவற்றுட் கொசு உள்ளான் ஏறத்தாழ 25 கிராம் நிறையே உடையது. துருவத்து வெளியிற் பிறந்த அச்சிற்றுயிர் ஆனையிறவுச் சேற்றில் ஓடித்திரிவதைக் கண்டும் வியவாதார் உளரோ! உவர்நீரிற் பூநாரை தன் தலையைக் கவிழ்த்து, அலகாற் நீரைச் சல்லடைபோல் அரித்து, நுண்ணுயிர்களை உண்கிறது.

இத்தகைய செலவு ஊகமன்று. 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் மன்னாரிற் கடற்காக்கைகளுக்குச் செய்மதிக் கருவி பொருத்தினர். அவை உருசியாவின் வடகோடியிலுள்ள யமால் தீபகற்பம் வரை பறந்து சென்றன.

சுண்டிக்குளம் 1938இற் பறவைச் சரணாலயமாகவும், 2015இற் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. ஆயினும் ஒரு சிக்கல் உண்டு. 1950களிற் பொறியியலாளர் ஆறுமுகம் வகுத்த திட்டம், இக்கடனீரேரியினுட் கடல்நீர் புகாது தடுத்து, கனகராயன் ஆற்று நீரைத் தேக்கி, யாழ்ப்பாணத்துக்கு நன்னீர் கொண்டு செல்வதாகும். 1960களில் வேலைகள் சில நடந்தன, முற்றுப்பெறவில்லை. குடாநாட்டின் கிணறுகள் உவராகி வருதலை அறிந்த எவரும் இத்திட்டத்தை இகழார். மனிதரின் தாகமே முந்தியது. எனினும் உவர்நீர் வீண்நீர் எனக் கொள்வது தவறு. நீர் இனிக்கும்போது தாராக்கள் பெருகலாம். பூநாரையோ வேறிடம் தேடவேண்டும். நீரேரியின் ஒரு பகுதியையேனும் உவராக விட்டுவைத்தல் இயலுமா என்பதைத் திட்டம் வகுப்போர் ஆராய்தல் வேண்டும்.

அதற்குக் கணக்கு வேண்டும். 2009 வரை நிகழ்ந்த போரினால் இங்கு ஆய்வாளர் வந்து பறவைகளை எண்ணுதல் பெரும்பாலும் இயலாதிருந்தது. ஆண்டுதோறும் சனவரியில் ஆசிய நாடுகள் பலவற்றில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. குளக்கட்டிலே வாழும் மாணவர் இதில் ஈடுபடாது வேறு யார் ஈடுபடுவது? ஒரு தொலைநோக்கியும் ஒரு குறிப்புப் புத்தகமும் போதும். இரணைமடு அணைக்கட்டில், சூரியனை முதுகுப்புறம் வைத்து, காலை ஒன்பது மணிக்கு முன் நின்று எண்ணுக. பெருங்கூட்டமாயின் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடங்கும் பரப்பைக் கண்ணால் அளந்து, கூட்டம் முழுவதையும் அவ்வளவாற் பகுத்து மதிப்பிடுக. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் வீதியை விட்டு இறங்கற்க. தையும் மாசியுமே ஏற்ற மாதங்கள். சித்திரை விடுமுறைக்கெனத் தள்ளிப்போடுவோர் பெரும்பாலும் உள்ளூர்க் கொக்குகளையே எண்ணித் திரும்புவர்.