இந்திய வான்படையில் மிக்-21

மிக்-21 என்பது சோவியத் ஒன்றியத்தின் மிக்கோயன்-குருவிச் வடிவமைப்பு நிறுவனம் உருவாக்கிய, ஒலியை விட வேகமாகப் பறக்கக்கூடிய ஒற்றை இயந்திரப் போர் வானூர்தி ஆகும். இது 1963 முதல் 2025 வரை 62 ஆண்டுகள் இந்திய வான்படையில் பணியாற்றியது. இக்காலத்தில் ஏறத்தாழ 870 மிக்-21 வானூர்திகள் படையில் சேர்க்கப்பட்டன. அவற்றுள் 600க்கும் மேற்பட்டவை இந்தியாவிலேயே கட்டப்பட்டவை. இந்தியா கொள்வனவு செய்த முதல் மீயொலிவேகப் போர் வானூர்தியும் இதுவே.

ஒரு போர் வானூர்தியை எவ்வாறு தெரிவு செய்வது, உள்நாட்டில் எவ்வாறு கட்டுவது, பழையதானபின் எவ்வாறு மேம்படுத்துவது, எப்போது கைவிடுவது ஆகிய நான்கு கேள்விகளுக்கும் மிக்-21 இன் வரலாறு எடுத்துக்காட்டாக அமைகிறது. முதல் மூன்றிலும் இந்தியா குறிப்பிடத்தக்க வெற்றி கண்டது. நான்காவதில் ஏற்பட்ட காலத்தாழ்வு பல உயிரிழப்புகளுடன் தொடர்புடையது.

கொள்வனவின் பின்னணி

1961 இல் ஐக்கிய அமெரிக்கா பாகிஸ்தானுக்கு எப்-104 ஸ்டார்பைட்டர் வானூர்திகளை வழங்கியது. ஒலியைப் போல இரு மடங்கு வேகத்தில் பறக்கக்கூடிய அந்த வானூர்திக்கு ஈடான எதுவும் அப்போது இந்தியாவிடம் இருக்கவில்லை. இந்திய வான்படை அதுவரை பெரும்பாலும் பிரித்தானிய, பிரெஞ்சு வானூர்திகளையே பயன்படுத்தி வந்தது. 1962 ஆகத்து மாதத்தில் சோவியத் ஒன்றியத்துடன் மிக்-21 தொடர்பான உடன்பாடு எட்டப்பட்டது. வானூர்திகளை விற்பதுடன், அவற்றை இந்தியாவிலேயே உற்பத்தி செய்யும் உரிமத்தையும் வழங்கச் சோவியத் ஒன்றியம் முன்வந்தது. இந்தத் தெரிவுக்கு அதுவே முக்கிய காரணமாகும்.

1963 இல் சண்டிகரில் 28ஆம் ஸ்குவாட்ரன் (வானூர்தி அணி) இவ்வானூர்திகளுக்கென உருவாக்கப்பட்டது. அதன் முதல் கட்டளை அதிகாரியான தில்பாக் சிங், 1981 இல் இந்திய வான்படையின் தலைமைத் தளபதியானார்.

உரிம உற்பத்தியும் வகைகளும்

உற்பத்திப் பொறுப்பு இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பணி மூன்று இடங்களுக்குப் பிரிக்கப்பட்டது. வானூர்தியின் உடற்பகுதி மகாராட்டிரத்தின் நாசிக்கிலும், தாரை இயந்திரம் ஒரிசாவின் (இன்றைய ஒடிசா) கோராபுட்டிலும், மின்னணுக் கருவிகள் ஐதராபாத்திலும் உருவாக்கப்பட்டன.

இந்திய வான்படை பயன்படுத்திய முதன்மையான வகைகள்:

* மிக்-21எப்-13: முதலில் வந்த வகை. மிகக் குறைந்த எண்ணிக்கையிலேயே வாங்கப்பட்டது.
* மிக்-21எப்எல்: இந்தியாவில் பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் வகை. இதில் உள்ளமைந்த பீரங்கி இல்லை. தேவைப்படும்போது வயிற்றுப்பகுதியில் பீரங்கிப் பெட்டி ஒன்று பொருத்தப்பட்டது.
* மிக்-21எம்: உள்ளமைந்த இரட்டைக்குழல் பீரங்கியும் கூடுதல் ஆயுதங்களைத் தாங்கும் அமைப்பும் கொண்டது.
* மிக்-21பிஸ்: ஆர்-25 என்னும் வலுவான இயந்திரம் கொண்ட இறுதி வகை. பின்னர் மேம்படுத்தப்பட்டது இந்த வகையே.
* இரு இருக்கைப் பயிற்சி வகைகள்.

போர்ப் பயன்பாடு

1965 ஆம் ஆண்டுப் போரின்போது மிகச்சில மிக்-21களே படையில் இருந்தன. எனவே அவற்றின் பங்கு சிறியது. 1971 ஆம் ஆண்டுப் போரில் நிலைமை மாறியது. கிழக்குப் பகுதியில் டாக்காவின் தேஜ்காவ் வானூர்தித் தளத்தின் ஓடுபாதையை மிக்-21கள் குண்டு வீசிச் சிதைத்தன. 1971 திசம்பர் 14 அன்று டாக்காவின் ஆளுநர் மாளிகை மீது நடைபெற்ற தாக்குதலிலும் அவை பங்குகொண்டன. அதன்பின் கிழக்குப் பாகிஸ்தானின் ஆளுநர் பதவி விலகினார். மேற்குப் பகுதியில் மிக்-21கள் எப்-104 வானூர்திகளைச் சுட்டு வீழ்த்தின. எந்த வானூர்திக்கு ஈடாக மிக்-21 வாங்கப்பட்டதோ அதனையே அது வென்றது.

1999 இல் கார்கில் போரின்போதும் மிக்-21கள் பயன்படுத்தப்பட்டன. அதே ஆண்டு ஆகத்து 10 அன்று, பாகிஸ்தான் கடற்படையின் அட்லாண்டிக் சுற்றுக்காவல் வானூர்தி ஒன்றை இந்திய மிக்-21 ஒன்று கட்ச் பகுதியில் வீழ்த்தியது.

விபத்துகளும் பயிற்சிக் குறைபாடும்

மிக்-21 உயரத்தில் அதிவேகமாகச் சென்று எதிரி வானூர்தியை இடைமறிப்பதற்கென வடிவமைக்கப்பட்டது. அதன் மெல்லிய முக்கோண இறக்கைகள் அதிவேகத்துக்கு ஏற்றவை. ஆனால் குறைந்த வேகத்தில் அவை போதிய தூக்குவிசையைத் தருவதில்லை. இதனால் தரையிறங்கும்போதும் வேகம் அதிகமாகவே இருக்கும். விமானி ஒரு தவற்றைத் திருத்திக்கொள்ள மிகக் குறைந்த நேரமே கிடைக்கும். இயந்திரம் ஒன்றே என்பதால், பறவை மோதியோ வேறு காரணத்தாலோ அது நின்றுவிட்டால், விமானி வானூர்தியை விட்டு வெளியேறுவது தவிரப் பெரும்பாலும் வேறு வழி இருக்காது.

இத்தகைய வானூர்தியை ஓட்ட இளம் விமானிகளுக்குப் படிப்படியான பயிற்சி தேவை. ஆனால் இந்தியாவில் பல ஆண்டுகள் ஒரு படி விடுபட்டிருந்தது. கிரண் போன்ற வேகம் குறைந்த தாரைப் பயிற்சி வானூர்திகளை ஓட்டிப் பழகிய விமானிகள் அடுத்ததாக நேரடியாக மிக்-21க்கு மாற வேண்டியிருந்தது. 1982 இல் ஏர் மார்ஷல் லா பொன்டெயின் தலைமையிலான குழு, உயர்நிலைத் தாரைப் பயிற்சி வானூர்தி ஒன்றை வாங்கப் பரிந்துரைத்தது. அதற்கான ஒப்பந்தம் 2004 மார்ச்சில்தான் பிரித்தானியாவுடன் கையெழுத்தானது. 66 ஹாக் வானூர்திகளுக்கான அந்த ஒப்பந்தத்தின்படி வந்தவை 2008 இல் கர்நாடகத்தின் பீதர் தளத்தில் படையில் சேர்க்கப்பட்டன. பரிந்துரைக்கும் சேர்ப்புக்கும் இடையில் 26 ஆண்டுகள் கழிந்திருந்தன.

2012 இல் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ. கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் அளித்த தகவலின்படி, 1971-72 முதல் 2012 ஏப்ரல் வரை 482 மிக் வானூர்திகள் விபத்துக்குள்ளாயின. இவ்விபத்துகளில் 171 விமானிகளும் பொதுமக்கள் 39 பேரும் உயிரிழந்தனர். ஊடகங்கள் மிக்-21ஐப் "பறக்கும் சவப்பெட்டி" என்று அழைத்தன. 2006 இல் வெளிவந்த ரங் தே பசந்தி என்னும் இந்தித் திரைப்படம், மிக் வானூர்தி விபத்தில் உயிரிழக்கும் விமானி ஒருவரை மையமாகக் கொண்டு அமைந்தது.

இந்த எண்ணிக்கையைப் புரிந்துகொள்ளும்போது மற்றொன்றையும் கருத வேண்டும். பல பத்தாண்டுகள் இந்தியப் போர் வானூர்திகளுள் மிகுதியாக இருந்ததும் மிகுதியாகப் பறந்ததும் மிக்-21ஏ. எனவே விபத்துகளின் மொத்த எண்ணிக்கையை மட்டும் கொண்டு பிற வானூர்திகளுடன் ஒப்பிட முடியாது. இதனை ஓட்டிய விமானிகள் பலர் மேற்கண்ட பெயரை ஏற்பதில்லை.

பைசன் மேம்படுத்தல்

1990களில் இந்திய வான்படை இக்கட்டான நிலையில் இருந்தது. 1991 இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததால் உதிரிப் பாகங்கள் பெறுவது கடினமாயிற்று. மிக்-21க்கு மாற்றாகத் திட்டமிடப்பட்ட உள்நாட்டு வானூர்தி இன்னும் பறக்கவில்லை. எனவே இருப்பவற்றுள் புதியவற்றை மேம்படுத்தி இடைக்காலத்தைக் கடப்பது என முடிவாயிற்று. 1996 இல் 125 மிக்-21பிஸ் வானூர்திகளை மேம்படுத்த உருசியாவுடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. முதல் இரண்டும் உருசியாவின் நிசுனி நோவ்கோரத் நகரிலும், மற்றவை நாசிக்கிலும் மாற்றியமைக்கப்பட்டன. இவை மிக்-21 பைசன் எனப் பெயர் பெற்றன.

இதில் மாற்றப்பட்டவை:

* ராடார்: பழைய ராடாருக்குப் பதிலாகக் கோப்யோ என்னும் பல்பணி ராடார் பொருத்தப்பட்டது.
* ஏவுகணைகள்: கண்ணுக்கெட்டாத தொலைவில் உள்ள இலக்கைத் தாக்கும் ஆர்-77, அண்மைச் சண்டைக்கான ஆர்-73 ஆகியவற்றை ஏவும் திறன் சேர்க்கப்பட்டது.
* தலைக்கவசக் குறிநோக்கி: விமானி தலையைத் திருப்பி நோக்கும் திசையில் உள்ள இலக்கின் மீது ஏவுகணையைக் குறிவைக்க இது உதவியது.
* பிற மின்னணுக் கருவிகள்: பிரெஞ்சு வழிகாட்டு அமைப்பும், எதிரி ராடாரைக் கண்டு எச்சரிக்கும் இந்தியத் தயாரிப்பான தரங் கருவியும் பொருத்தப்பட்டன.

மாறாதவையும் இருந்தன. மிக்-21 இன் காற்று உள்வாய் மூக்குப்பகுதியில் அமைந்துள்ளது. ராடார் அதன் நடுவில் உள்ள கூம்பினுள் அடங்க வேண்டும் என்பதால், அதன் அலைவாங்கியைப் பெரிதாக்க இயலாது. எரிபொருள் கொள்ளளவு சிறிது, ஆகவே பறக்கும் நேரமும் குறைவு. ஒற்றை இயந்திரமும் மெல்லிய இறக்கைகளும் அப்படியே இருந்தன. உலோகக் கட்டமைப்பில் ஆண்டுக்கணக்கில் சேரும் களைப்பையும் புதிய மின்னணுக் கருவிகளால் நீக்க முடியாது. மேம்படுத்தல் வானூர்தியின் கண்களையும் கைகளையும் புதுப்பித்தது. உடல் பழையதாகவே இருந்தது.

ஆயினும் பைசன் எதிர்பார்ப்பை விஞ்சியது. 2004 பெப்ரவரியில் குவாலியரில் நடைபெற்ற இந்திய-அமெரிக்கக் கூட்டுப் பயிற்சியில், அமெரிக்க எப்-15 வானூர்திகளுக்கு எதிராகப் பைசன்கள் சிறப்பாகச் செயற்பட்டன. அளவில் சிறியதாகையால் அதனைக் கண்டறிவது எளிதன்று. இதனைப் பயிற்சியில் கலந்துகொண்ட அமெரிக்கத் தரப்பினரும் குறிப்பிட்டனர்.

2019 பெப்ரவரி 27 அன்று காசுமீர் எல்லையில் நிகழ்ந்த வான்சண்டையில், சென்னையைச் சேர்ந்த விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான் ஓட்டிச் சென்ற பைசன் வீழ்த்தப்பட்டது. பாகிஸ்தானால் சிறைப்பிடிக்கப்பட்ட அவர் மார்ச் 1 அன்று விடுவிக்கப்பட்டார். அவர் எப்-16 வானூர்தி ஒன்றை வீழ்த்தினார் என இந்தியா கூறுகிறது. பாகிஸ்தான் இதனை மறுக்கிறது.

மாற்று வானூர்திக்கான காத்திருப்பு

மிக்-21க்கு மாற்றாக இலகு போர் வானூர்தித் திட்டத்துக்கு இந்திய அரசு 1983 இல் ஒப்புதல் அளித்தது. பின்னர் தேஜஸ் எனப் பெயரிடப்பட்ட அவ்வானூர்தி 2001 சனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்தது. அதன் முதல் ஸ்குவாட்ரன் 2016 சூலையில் பெங்களூரில் உருவாகி, பின்னர் தமிழ்நாட்டில் கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள சூலூர் தளத்துக்கு மாற்றப்பட்டது. இரண்டாவது ஸ்குவாட்ரன் 2020 மே மாதத்தில் சூலூரிலேயே அமைக்கப்பட்டது.

இடைவெளியை நிரப்ப வெளிநாட்டு வானூர்திகள் வாங்கும் முயற்சியும் நடைபெற்றது. 2007 இல் 126 வானூர்திகளுக்கு விலைப்புள்ளிகள் கோரப்பட்டன. ஆறு வானூர்திகள் போட்டியிட்டதில் 2012 இல் பிரான்சின் ரபேல் தெரிவானது. எனினும் பேச்சுவார்த்தை நீண்டு 2015 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2016 செப்டெம்பரில் 36 ரபேல்கள் மட்டும் வாங்க ஒப்பந்தமாயிற்று. அவற்றுள் முதல் தொகுதி 2020 சூலையில் அம்பாலா தளத்துக்கு வந்தது.

83 தேஜஸ் மார்க்-1ஏ வானூர்திகளுக்கான ஒப்பந்தம் 2021 பெப்ரவரியில் செய்யப்பட்டது. அவற்றுக்கு இயந்திரங்களை வழங்க வேண்டிய அமெரிக்க நிறுவனம், முதல் இயந்திரத்தை 2025 மார்ச்சில்தான் அளித்தது. வானூர்தியை உள்நாட்டில் வடிவமைத்தாலும், இயந்திரத்துக்குப் பிற நாட்டைச் சார்ந்திருக்கும் வரை கால அட்டவணை முழுமையாகத் தன் கையில் இருப்பதில்லை என்பதை இது காட்டுகிறது.

அண்டை நாடுகளில்

மிக்-21 இன் வடிவமைப்பைத் தழுவிச் சீனா எப்-7 என்னும் வானூர்தியை உருவாக்கி ஏற்றுமதி செய்தது. பாகிஸ்தான் 1988 முதல் எப்-7பி வகையையும், 2000களின் தொடக்கத்தில் எப்-7பிஜி வகையையும் படையில் சேர்த்தது. இவற்றில் இத்தாலிய ராடார் பொருத்தப்பட்டது. இவற்றுக்கு மாற்றாகச் சீனாவுடன் இணைந்து பாகிஸ்தான் உருவாக்கிய ஜேஎப்-17 வானூர்தி 2003 இல் முதன்முதலாகப் பறந்தது. 2010 இல் அதன் முதல் ஸ்குவாட்ரன் அமைந்தது. உருசிய இயந்திரத்தையும் சீனக் கருவிகளையும் ஏற்றுக்கொண்டதால் இக்காலம் குறைந்தது. இலங்கை வான்படை 1991 இலும் 2008 இலும் எப்-7 வானூர்திகளைப் பெற்றது.

வங்காளதேசம் வாங்கிய எப்-7பிஜிஐ வானூர்திகளே இவ்வகையில் இறுதியாகத் தயாரிக்கப்பட்டவை. அவை 2013 இல் வழங்கப்பட்டன. 2025 சூலை 21 அன்று அவற்றுள் ஒன்று டாக்காவில் ஒரு பள்ளிக் கட்டிடத்தின் மீது வீழ்ந்ததில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலானோர் சிறுவர்கள். தயாரிக்கப்பட்ட ஆண்டு புதியதாக இருப்பினும், அடிப்படை வடிவமைப்பு 1950களைச் சேர்ந்தது என்பது இதன்பின் பரவலாக விவாதிக்கப்பட்டது.

ஓய்வு

மிக்-21எப்எல் வகை 2013 திசம்பரில் மேற்கு வங்காளத்தின் கலைக்குண்டா தளத்தில் விடைபெற்றது. பைசன்கள் மேலும் 12 ஆண்டுகள் தொடர்ந்தன. 2022 சூலையில் இராசத்தானின் பார்மர் அருகே பயிற்சி வகை வீழ்ந்து இரு விமானிகள் இறந்தனர். 2023 மே மாதத்தில் அதே மாநிலத்தின் அனுமான்கர் மாவட்டத்தில் ஒரு வீட்டின் மீது பைசன் வீழ்ந்தது. விமானி உயிர்தப்பினார், சிற்றூர்ப் பெண்கள் மூவர் இறந்தனர்.

2025 செப்டெம்பர் 26 அன்று, மிக்-21 தன் பணியைத் தொடங்கிய அதே சண்டிகரில் பிரியாவிடை நிகழ்வு நடைபெற்றது. தலைமைத் தளபதி ஏ. பி. சிங் அன்று தாமே ஒரு மிக்-21ஐ ஓட்டினார். அதற்கு முந்தைய நாள்தான், மேலும் 97 தேஜஸ் வானூர்திகளுக்கான ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. மிக்-21 நீங்கியதும், 42 ஆக இருக்க வேண்டிய ஸ்குவாட்ரன்களின் எண்ணிக்கை 29 ஆகக் குறைந்தது.

இவற்றையும் பார்க்க

* இந்திய வான்படை
* தேஜஸ் இலகு போர் வானூர்தி
* ஜேஎப்-17
* சூலூர் வான்படைத் தளம்