முதல் மேட்ச்சுக்கு எட்டு வாரம்: ஸ்பாரிங் எவ்வளவு, ஓட்டம் எவ்வளவு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் தொகுத்திருக்கிறோம்.)

"ஆறு மாசமா பாக்சிங் கத்துக்கிறேன். மாவட்டப் போட்டிக்குப் பேர் கொடுன்னு கோச் சொல்லிட்டார். எட்டு வாரம்தான் இருக்கு. தினமும் ஸ்பாரிங் பண்ணா ரெடி ஆயிடுவேனா?" புதுசா வர்றவங்க எல்லாரும் கேட்கிற கேள்வி இது.

நேரா சொல்லிடறேன். தினமும் ஸ்பாரிங் பண்ணா ரெடி ஆக மாட்டீங்க, தேய்ஞ்சு போயிடுவீங்க. இந்த எட்டு வாரத்தில் தயாராக வேண்டியவை இரண்டு: மூச்சு, கண். மூச்சை ஓட்டமும் ஸ்கிப்பிங்கும் பேக்கும் பார்த்துக்கும். வர்ற குத்தைப் பார்க்கக் கண்ணைப் பழக்குறதுதான் ஸ்பாரிங்கோட வேலை. ஸ்பாரிங்கை வச்சே மூச்சையும் ஏத்திடலாம்னு நினைச்சா, அதுக்கான விலையை உங்க தலைதான் கொடுக்கணும்.

11 நிமிஷத்தில் என்ன நடக்குது?

அமெச்சூர் பாக்சிங்கில் பெரியவர்கள் பிரிவுக்கு 3 ரவுண்டு. ஒவ்வொன்றும் 3 நிமிடம், நடுவில் 1 நிமிட ஓய்வு. மொத்தம் 11 நிமிடம். ஜூனியர்களுக்கு ரவுண்டு 2 நிமிடம். உங்க போட்டியில் எதுன்னு கோச்கிட்ட முதல்லயே கேட்டுக்கோங்க. பயிற்சி முழுக்க அந்தக் கடிகாரப்படிதான் நடக்கணும்.

கேட்க 11 நிமிஷம் கம்மியாத் தெரியும். ஆனா முதல் மேட்ச் ஆடுறவங்க நிறைய பேர் இரண்டாவது ரவுண்டு பாதியிலேயே கை தூக்க முடியாம நிற்பாங்க. பெல் அடிச்சதும் பதற்றத்தில் நெஞ்சு படபடக்கும், தோள் இறுகும், மூச்சைப் பிடிச்சுக்கிட்டே ஒவ்வொரு குத்தையும் முழு பலத்தோட போடுவாங்க. ஒரு நிமிஷத்துல டேங்க் காலி. அப்புறம் கார்டு தானா கீழே இறங்கும். எதிராளியோட நல்ல குத்து விழறது பெரும்பாலும் அந்த நேரத்துலதான்.

ஜட்ஜ்கள் ரவுண்டுக்கு ரவுண்டு மார்க் போடுவாங்க. ரவுண்டு ஜெயிச்சவருக்கு 10, மற்றவருக்கு 9 அல்லது அதற்கும் கீழே. முதல் ரவுண்டில் எவ்வளவு பிரமாதமா ஆடினாலும், அடுத்த இரண்டையும் விட்டா மேட்ச் பொதுவா கையை விட்டுப் போயிடும்.

மூச்சுக்கான வேலை

பாக்சிங்னா வெடிச்சுக் கிளம்புற வேகம் மட்டும்தான்னு பலர் நினைக்கிறாங்க. ஆனா 2 நிமிட ரவுண்டு மூன்றை வச்சு அளந்து 2014-ல் வெளியான ஒரு ஆய்வில், செலவான ஆற்றலில் சுமார் 77 சதவீதம் ஆக்சிஜன் வழியா வந்ததாத் தெரிஞ்சது. குத்துறது சில நொடிதான். அடுத்த குத்துக்குள்ள உடம்பு மீண்டு வரணுமே, அதுக்கு நுரையீரலும் இதயமும் பழகியிருக்கணும். அந்தக் காலத்து வாத்தியார்கள் விடியக்காலையில் ஓட விட்டது சும்மா இல்ல.

வாரத்துக்கு இரண்டு நாள் 30–40 நிமிடம் நிதானமா ஓடுங்க. பக்கத்துல ஓடுறவரோட பேச முடியற வேகம் போதும். இன்னொரு நாள் ரவுண்டுக் கணக்குல ஓடணும்: 3 நிமிடம் வேகமா, 1 நிமிடம் நடை. நாலு தடவையில் ஆரம்பிச்சு ஆறு வரைக்கும் கொண்டு போகலாம். கடற்கரை மணல்ல ஓடினா கெண்டைக்கால் சீக்கிரம் பிடிச்சுக்கும். அதனால ஸ்பாரிங்குக்கு முதல் நாள் மணல் வேண்டாம்.

ஸ்கிப்பிங், ஷேடோ, பேக், பேட் எல்லாத்துக்கும் அதே டைமர். பேக்ல ஒவ்வொரு ரவுண்டிலும் கடைசி 30 நொடி வேகத்தைக் கூட்டுங்க. களைச்ச நேரத்துல கார்டு இறங்காம இருக்கப் பழகுறது அங்கதான். ஒவ்வொரு குத்துக்கும் "ஸ்"னு மூச்சை வெளியே விடணும். பேக்ல வராத பழக்கம் ரிங்குல திடீர்னு வராது.

ஸ்பாரிங்: மூணு படி

முதல் மூணு வாரம் கட்டுப்பாடு வச்ச ஸ்பாரிங். இரண்டு பேருக்கும் ஜாப் மட்டும். அல்லது ஒருத்தர் தாக்கணும், மற்றவர் தடுக்க மட்டும் செய்யணும். அல்லது உடம்புக்கு மட்டும் குத்து. வர்ற குத்து எதுன்னு ஓரளவு தெரியறதால பயம் குறையும், கண்ணை மூடுற பழக்கம் போகும்.

நாலாவது வாரத்திலிருந்து ஆறு வரை, வாரம் இரண்டு நாள் எல்லா குத்தும் சேர்ந்த ஸ்பாரிங். ஆனா பாதி பலம்தான். ஆரம்பிக்கும் முன்னாடியே "50 சதவீதம்"னு வாய்விட்டுப் பேசிக்கோங்க. ஒருத்தர் கொஞ்சம் வேகமா விட்டா அடுத்தவர் அதைவிட வேகமா திருப்பிக் கொடுப்பார். ஒரு நிமிஷத்துல அது சண்டை ஆயிடும். "லைட்டா போடு"ன்னு சொல்றதுக்கு நம்ம பசங்களுக்கு வெட்கம், பயந்துட்டான்னு நினைப்பாங்களோன்னு. சொல்லுங்க. நல்ல கோச் இருக்கிற இடத்துல அதைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டாங்க. புதுப் பையனை சீனியர்கிட்ட அடிவாங்க விட்டு "தைரியம் வரட்டும்"னு வேடிக்கை பார்க்கிற இடமா இருந்தா, வேற இடம் தேடுறதுதான் நல்லது.

ஏழாவது வாரம் ஒத்திகை. ஒரே ஒரு நாள், முழு 3 ரவுண்டு. உங்க எடைக்கு நெருக்கமான, உங்களுக்குப் பழக்கமில்லாத ஒருத்தரோட. கோச் ரெஃப்ரியா நின்னு "பாக்ஸ்", "ஸ்டாப்", "பிரேக்" சொல்லட்டும். "பிரேக்" கேட்டதும் ஒரு அடி பின்னால வந்துட்டுத்தான் திரும்ப ஆடணும். அந்த இடைவெளியில குத்தினா தப்பு. முதல் மேட்ச்ல இதுக்கே எச்சரிக்கை வாங்குறவங்க உண்டு.

ஸ்பாரிங்குக்கு 14 அல்லது 16 அவுன்ஸ் கிளவுஸ், மவுத் கார்டு, ஹெட்கார்டு, கப். இதுல எதுவும் விட்டுப் போகக் கூடாது.

ஹெட்கார்டு எதைக் காப்பாத்தும்?

வெட்டுக்காயத்தையும் வீக்கத்தையும் குறைக்கும். ஆனா குத்து விழுந்ததும் தலை திரும்புற வேகத்தில் மூளை உள்ளே குலுங்குதே, அதை ஹெட்கார்டு நிறுத்தாது. 2013-லிருந்து சர்வதேச அளவில் பெரியவர்கள் ஆண்கள் பிரிவில் ஹெட்கார்டை எடுத்துட்டாங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் பெண்கள் போட்டுத்தான் ஆடினாங்க. நீங்க புதுசு. போட்டுக்கோங்க. போட்டிருக்கோம்கிற தைரியத்தில் முகத்தைக் கொடுத்து ஆடாதீங்க.

மூளை அதிர்ச்சிக்கு மயங்கி விழணும்னு அவசியமே இல்ல. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், வெளிச்சம் கூசுறது, அந்த ரவுண்டு நினைவில் இல்லாம போறது, இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கு அதோட நிறுத்தணும், டாக்டரைப் பார்க்கணும். ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி விழுந்தா விளைவு பல மடங்கு மோசமாகலாம். அபூர்வமா உயிரே போயிருக்கு, அதுவும் சின்ன வயசுக்காரங்களுக்கு. தலையில் வாங்கின குத்தால் நாக்கவுட் ஆனவர் குறைஞ்சது 30 நாள் ரிங் பக்கமே வரக்கூடாதுங்கிறது அமெச்சூர் விதி. ஜிம்ல அந்த விதியைச் சொல்ல ரெஃப்ரி இருக்க மாட்டார். அங்க நீங்களும் கோச்சும்தான் ரெஃப்ரி. மேட்ச் போனா அடுத்த போட்டி வரும். அதனால தலைவலியை மறைச்சுக்கிட்டு ரிங்கில் ஏறாதீங்க.

கடைசி வாரம்

இங்கதான் பதற்றத்தில் எல்லாரும் கூடுதலா உழைப்பாங்க. புதுசா ஏறப்போற பலம் ஒண்ணும் இல்ல. களைப்பு மட்டும்தான் ஏறும். கடைசி 7–10 நாள் பலமான ஸ்பாரிங் வேண்டாம். ஓட்டத்தைப் பாதியாக்குங்க, பேட்ல வேகம் மட்டும் பாருங்க, தூங்குங்க.

எடை பார்க்கிறது மேட்ச் அன்னைக்குக் காலையிலதான். முந்தின நாள் தண்ணி குடிக்காம, ஸ்வெட்டர் போட்டு ஓடி எடையை இறக்கிட்டா, அதைத் திரும்ப ஏத்த சில மணி நேரம்தான் கிடைக்கும். வறண்ட உடம்போட குத்து வாங்க ஏறுறது ஆபத்து. எட்டு வாரம் முன்னாடியே உங்க சாதாரண எடைக்குப் பக்கத்துல இருக்கிற பிரிவைத் தேர்ந்தெடுங்க.

மேட்ச் தொடங்கினதும் முதல் 30 நொடிக்கு ஒரே திட்டம் வச்சுக்கோங்க: ஜாப், கால், மூச்சு. அந்தப் படபடப்பு அடங்கினா, எட்டு வாரம் கத்துக்கிட்டது தானா வெளியே வரும்.

பட்டினி கிடக்காம எட்டு வாரத்தில் எடையை எப்படிச் சரி பண்றதுன்னு அடுத்த எபிசோட்ல பேசுவோம். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது முதல் மேட்ச்சுக்குத் தயாராகிட்டிருந்தா, இதை அவங்களுக்கு அனுப்புங்க.